நடை மாறினால் அசட்டை வேண்டாம்



குழந்தை முதல் அடி எடுத்து வைத்த நாளை எந்தத் தாயும் மறப்பதில்லை. நடைவண்டி வாங்கித் தருகிறோம். தள்ளாடி வந்து மடியில் விழுந்தால் வாரி அணைக்கிறோம். அதே வீட்டில் பெரியவர் ஒருவருடைய நடை மெல்ல மெல்லக் குறுகி வருவதை யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ஒரு நாள் அவர் கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்.

வயது ஏற ஏற நடையின் வேகம் சற்றுக் குறைவது இயற்கை. ஆனால் நடையின் விதமே மாறினால் அது பல சமயம் நரம்பு நோயின் அடையாளம். அந்த மாறுதலை அளந்து சொல்லும் சிறு கருவிகள் இப்போது வந்துள்ளன. கைக்கடிகாரம் போலவோ, அரைஞாண் போலவோ உடம்பில் கட்டிக்கொள்ளலாம். இந்தப் பிரசுரம் அவற்றைப் பற்றியது. கருவி உங்கள் ஊருக்கு வராவிட்டாலும், அது எதைக் கவனிக்கிறது என்று தெரிந்துகொண்டால், பாதி வேலையை உங்கள் வீட்டிலேயே நீங்கள் செய்யலாம்.

நரம்பு நோய் என்றால் எது?

முதலில் ஒரு தெளிவு. பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் "நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்டு, லாட்ஜ் அறையில் வைத்தியம் பார்ப்பதாக விளம்பரம் ஒட்டியிருப்பார்கள். நாம் இங்கே சொல்வது அது அல்ல. அதை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினதிலிருந்து கால் நரம்பு போச்சு" என்று சிலர் சொல்வதும் சரியல்ல. ஆணுக்கு விந்துக் குழாயையும், பெண்ணுக்குக் கருக்குழாயையும் மட்டுமே அடைக்கிறார்கள். அந்தக் குழாய்களுக்கும் நடைக்கும் சம்பந்தமில்லை.

நடப்பதற்கு மூளை உத்தரவு போட வேண்டும். சிறுமூளை நிதானம் காக்க வேண்டும். தண்டுவடமும் கால் நரம்புகளும் உத்தரவைக் கொண்டுபோக வேண்டும். தரை மேடா பள்ளமா என்ற செய்தியைப் பாதம் மேலே திருப்பி அனுப்ப வேண்டும். ஏரியில் தண்ணீர் இருந்தும் கடைமடை வயல் காய்ந்தால், கோளாறு மதகிலா வாய்க்காலிலா என்று பார்க்கிறோம் அல்லவா? அதுபோல நடை கெட்டாலும், கோளாறு எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும்.

நடையே நோயைச் சொல்லும்

1. பாரிச வாதம்: மூளையின் ரத்த ஓட்டம் தடைப்பட்டோ, ரத்தக் கசிவாலோ வருவது. ஒரு பக்கக் கால் விறைத்துப்போய், அரை வட்டமாகச் சுழற்றி வைத்து நடப்பார்.

2. பார்க்கின்சன் நோய்: இதை 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதினார். நடுக்கு வாதம் என்றும் சொல்வார்கள். உடம்பு முன்னால் குனியும். அடி சிறுத்து, தேய்த்துத் தேய்த்து நடப்பார். நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்கும். சிலருக்கு வாசற்படியில் கால் தரையில் ஒட்டினாற்போல நின்றுவிடும்.

3. சிறுமூளைக் கோளாறு: கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுவார். குடிக்காத மனிதரைக் குடிகாரர் என்று ஊர் ஏசும். இந்த அவமானத்தாலேயே வீட்டோடு முடங்கியவர்கள் உண்டு.

4. சர்க்கரை வியாதியால் கால் நரம்பு கெடுதல்: பாதம் மரத்துப்போகும். "செருப்பு கழண்டு போனதே தெரியலீங்க" என்பார்கள். வெளிச்சத்தில் சரியாக நடப்பார். இருட்டிலும், கண்ணை மூடி முகம் கழுவும்போதும் தள்ளாடுவார். வைட்டமின் பி12 குறைந்தாலும் இப்படி வரலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தச் சத்து குறைவது உண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரியும். ஊசியாலோ மாத்திரையாலோ ஈடு செய்யலாம். ஆனால் காலம் கடத்தக் கூடாது.

5. பாதம் தொங்குதல்: முன் பாதத்தைத் தூக்க முடியாமல், முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தட்டென்று வைப்பார். செருப்பின் நுனி சீக்கிரம் தேயும். தொழுநோயும் இதற்கு ஒரு காரணம்.

இவை பெரும்பாலும் மெதுவாக வருபவை. ஆனால் முகம் கோணி, கை கால் திடீரென விழுந்து, பேச்சுக் குழறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.

டாக்டர் முன்னால் நடக்கும் நடை வேறு

டாக்டர், "கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்கிறார். அறையின் நீளம் பத்தடி. நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு, மனசை முழுக்க காலில் வைத்து, நிமிர்ந்து நடந்துவிடுகிறார். கூட வந்த மனைவிக்கோ ஆச்சரியம்: "வீட்ல இப்படி நடக்கவே மாட்டாருங்க!" டாக்டரும் ஏமாறவில்லை, நோயாளியும் நடிக்கவில்லை. கவனம் முழுவதையும் நடையில் வைத்தால், சிறிது நேரம் நன்றாக நடக்க முடியும். வீட்டில் குடத்தைத் தூக்கிக்கொண்டு, பேசிக்கொண்டு, நிலைப்படி தாண்டும்போதுதான் கோளாறு வெளிப்படும்.

மாத்திரையின் கணக்கும் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோப்பா என்ற மருந்து தருகிறார்கள். அது வேலை செய்யும் நேரத்தில் நடை சரளமாக இருக்கும். வேகம் தீர்ந்ததும் கால் கனத்துப்போகும். ஆஸ்பத்திரிக்குப் போன வேளை நல்ல வேளையாக இருந்தால், கெட்ட வேளையை டாக்டர் பார்க்கவே முடியாது. இந்தக் குறையை நீக்கத்தான் நோயாளியோடு வீடு வரை போகிற கருவி தேவைப்பட்டது.

கருவி எப்படி வேலை செய்கிறது?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறீர்கள். வேகமாக எடுத்தால் பின்னால் சாய்கிறீர்கள். கண்ணை மூடியிருந்தாலும், சாய்வதை வைத்தே பஸ்ஸின் போக்கைச் சொல்லிவிடலாம். சென்சார் என்னும் கருவியில் இருப்பதும் அதே தத்துவம்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எடை ஒன்று உள்ளே மெல்லிய வில்லில் நிற்கிறது. உடம்பு அசையும்போது அதுவும் அசைகிறது. அசைவின் அளவு மின்சாரக் குறியாக மாறிப் பதிவாகிறது. திரும்புவதை அளக்க இன்னொரு பாகம் உண்டு. புதிய செல்போனைக் குறுக்கே திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்கும் இந்த வகைச் சென்சார்தான் காரணம்.

இது விநாடிக்கு 100 முறை வரை கூடப் பதிவு செய்யும். குதிகால் தரையைத் தொடும் ஒவ்வொரு தடவையும் பதிவில் ஒரு முள் போலக் குறி விழும். முள்ளுக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளிதான் ஓர் அடிக்கான நேரம். அந்தப் பதிவிலிருந்து கம்ப்யூட்டர் பல விவரங்களைக் கணக்கிடும்:

• நடை வேகம் எவ்வளவு, நிமிஷத்துக்கு எத்தனை அடி, ஓர் அடி எவ்வளவு நீளம்.
• இடது காலுக்கும் வலது காலுக்கும் வித்தியாசம் உண்டா.
• அடிகள் ஒரே சீராக விழுகின்றனவா, முன்பின்னாக விழுகின்றனவா. சீர் கெட்ட நடை, விழப்போவதற்கு ஓர் எச்சரிக்கை.
• திரும்பும்போது எத்தனை அடி எடுக்கிறார். பார்க்கின்சன் நோயில் பல சிறு அடிகள் வைத்துத்தான் திரும்ப முடியும்.
• கால் ஒட்டி நிற்கிறதா. அப்போது கால் வினாடிக்குச் சுமார் 3 முதல் 8 முறை நடுங்கும். வெளியே நிற்பதுபோலத் தெரிந்தாலும், சென்சார் அந்த நடுக்கத்தைப் பிடித்துவிடும்.

இடுப்பின் பின்புறம், கணுக்கால், மணிக்கட்டு ஆகிய இடங்களில் இதைக் கட்டுவார்கள். ஐரோப்பாவில் 2019 முதல் 2024 வரை "மொபிலைஸ்-டி" என்ற கூட்டு ஆராய்ச்சி நடந்தது. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகம் அதற்குத் தலைமை வகித்தது. பார்க்கின்சன் நோயாளிகளும் வேறு சில நோயாளிகளும் இடுப்பில் ஒரே ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு, 7 நாள் தங்கள் வீட்டு வேலையைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி அறையில் அல்ல, அவரவர் வாழ்க்கையில் நடக்கும் நடையை நம்பகமாக அளப்பது எப்படி என்று கண்டறிவதே அதன் நோக்கம்.

டியூஷேன் என்பது ஆண் குழந்தைகளைத் தாக்கும் ஒரு தசை நோய். அதில் புதிய மருந்து பலன் தருகிறதா என்று பார்க்க, கணுக்காலில் கட்டிய கருவி காட்டும் வேகத்தை ஓர் அளவுகோலாக ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் ஏற்றது. 2023-ல் அதையே முதன்மை அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம் என்றது. பையன் தன் விருப்பம்போல் வீட்டில் ஓடியாடும்போது எடுத்த மிக வேகமான அடிகளே அங்கே சாட்சி.

பாதம் சொல்லும் பாடம்

இந்த விஷயத்தில் நம் பக்கத்து வேலூருக்கும் ஒரு பங்கு உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதத்தில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழ விழ நடப்பதால்தான் என்று எடுத்துக் காட்டினார். வலி தெரிந்தால் நாம் காலை மாற்றி வைப்போம். வலி தெரியாதவர் அதே இடத்தை மிதித்துக்கொண்டே போவார். அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இந்த அறிவிலிருந்து பிறந்தது. பின்னர் அவர் அமெரிக்காவில் பணியாற்றியபோது, சாயம் நிறைந்த நுண்ணிய குமிழ்கள் கொண்ட காலுறையை உபயோகித்தார். அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழ் உடைந்து நிறம் மாறும். இன்று செருப்புக்குள் வைக்கும் அழுத்த சென்சார் அதே வேலையைச் செய்கிறது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் எந்த இடம் நசுங்குகிறது என்று காட்டிவிடுகிறது. புண் வரும் முன்பே செருப்பை மாற்றினால் விரல் போகாது, கால் போகாது.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"கரண்ட் அடிக்குமா?" அடிக்காது. கருவி உடம்புக்குள் எதையும் செலுத்துவதில்லை; அசைவை மட்டும் குறித்துக்கொள்கிறது. பட்டை இறுகித் தோல் சிவந்தால் தளர்த்திக் கட்டுங்கள். குளிக்கும்போது கழற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"கட்டிக்கொண்டால் நோய் குணமாகுமா?" ஆகாது. தராசு நெல்லை நிறுக்கும், நெல்லை விளைவிக்காது. கருவியின் கணக்கைப் பார்த்து, டாக்டர் மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றுவார். பிசியோதெரபிஸ்ட் பயிற்சியை மாற்றுவார். பலன் அங்கேதான்.

"கருவி தப்பாகச் சொல்லாதா?" சொல்வது உண்டு. கோல் ஊன்றி மிக மெதுவாகத் தேய்த்து நடப்பவரின் அடிகளைச் சில கருவிகள் எண்ணத் தவறும். வண்டியின் குலுக்கலை நடை என்று எண்ணிவிடுவதும் உண்டு. எந்த நேரம் வண்டியில் போனார், எந்த நேரம் மாத்திரை போட்டார் என்று வீட்டார் எழுதி வைத்தால்தான் கணக்கு சரியாகும். பெயருக்குக் கட்டிவிட்டுப் பகல் முழுக்கப் படுக்க வைத்தாலும் பயனில்லை. வழக்கமான வேலையைப் பார்க்க விடுங்கள்.

"எங்கள் வீட்டு விஷயம் வெளியே போகுமா?" நடை அளக்கும் சென்சார் பேச்சையோ படத்தையோ பதிவு செய்வதில்லை. ஆனால் ஒருவர் எப்போது எழுந்தார், எப்போது நடமாடினார் என்பது அதில் தெரியும். ஆகவே, "இந்தக் கணக்கு யாரிடம் இருக்கும்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

"என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தைந்துதான் ஆகுது. இந்த வயசில் வருமா?" வரலாம். பார்க்கின்சன் நோய் சிலருக்கு 50 வயதுக்கு முன்பே வருகிறது. சர்க்கரையால் கால் மரத்துப்போவதற்கும் வயது வரம்பு கிடையாது. நடையில் மாறுதல் கண்டால் வயதைப் பார்க்காமல் காட்டுங்கள்.

கருவி இல்லாவிட்டால்?

இந்தச் சாதனம் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கிடைப்பதில்லை. அதனால் கைகட்டி உட்கார வேண்டாம். உங்கள் வீட்டில் கண் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது.

கைப்பிடி உள்ள நாற்காலியில் பெரியவரை உட்கார வையுங்கள். அங்கிருந்து 3 மீட்டர், அதாவது சுமார் 10 அடி தூரத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். அவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். வழக்கமாகக் கோல் ஊன்றுபவர் கோலோடு நடக்கலாம். ஒருவர் பக்கத்திலேயே நின்றுகொள்ள வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அவர் விழும் அபாயம் உள்ளவர் என்று கொள்ளலாம். பெரிய ஆஸ்பத்திரிகளும் இதே சோதனையைச் செய்கின்றன. சென்சார் கட்டிச் செய்தால் எழுவதற்கு எவ்வளவு, திரும்புவதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும்; அதுதான் வித்தியாசம். மாதம் ஒரு முறை, அதே நேரத்தில் செய்து எழுதி வையுங்கள். ஒரு தடவை வந்த எண்ணைவிட, மாதத்துக்கு மாதம் அது ஏறுகிறதா என்பதே முக்கியம்.

ஒரு நோட்டில் நாள்தோறும் நாலு வரி எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், நன்றாக நடந்த நேரம், கால் கனத்த நேரம், விழுந்தது அல்லது விழப்போனது, எந்த இடத்தில். வீட்டில் செல்போன் இருந்தால், நிலைப்படி தாண்டுவதையும் திரும்புவதையும் அவருடைய சம்மதத்தோடு படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இதில் கணவன் மனைவி இருவரும் பங்கு கொள்ள வேண்டும். மாமியாரின் நடை மாறியதை மருமகள்தான் முதலில் பார்க்கிறாள். "அத்தை ஒரு கையை வீசாமலே நடக்கறாங்க" என்று அவள் சொன்னால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று கணவன் மடக்கக் கூடாது. அவள் சொல்வதும் கருவி சொல்வதும் ஒன்றே. அதேபோல், மனைவியின் கால் மரத்துப்போனால், "வேலை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அவள் தள்ளிப்போடுவதைக் கணவன் அனுமதிக்கக் கூடாது.

விழாமல் காப்போம்

• படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு வையுங்கள். வழியில் குடம், கயிறு, சாக்கு வேண்டாம்.
• கழிப்பறையிலும் கிணற்றடியிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி பதியுங்கள்.
• கால் ஒட்டி நிற்பவரைப் பிடித்து இழுக்காதீர்கள், முன்னால் கவிழ்ந்துவிடுவார். "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் சொல்லுங்கள். அவர் அடிக்கடி நிற்கும் இடத்தில், ஓர் அடி வைக்கும் தூரத்துக்கு ஒன்றாகத் தரையில் பெயின்ட்டால் குறுக்குக் கோடுகள் போடுங்கள். கோட்டைத் தாண்டுவதாக நினைத்தால் பலருக்குக் கால் கிளம்பிவிடும்.
• மரத்த பாதத்தைத் தினமும் விரல் இடுக்கு வரை பாருங்கள். வெறுங்காலோடு வயலுக்கு அனுப்ப வேண்டாம். வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள்.
• பார்க்கின்சன் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. அது ஆபத்து.

நடை மாறுதல் கண்டவுடன் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவையானால் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கு அவர்கள் எழுதித் தருவார்கள். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கு வந்து தரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. வெளியே வர முடியாதவர் உங்கள் வீட்டில் இருந்தால், கிராம சுகாதார செவிலியரிடம் விவரம் சொல்லுங்கள்.

நினைவில் வையுங்கள்

நடை மெதுவானால் வயது என்று சொல்லலாம். நடையின் விதம் மாறினால் வயதின் மேல் பழி போடாதீர்கள். கருவி ஒரு வாரம் பார்க்கும். நீங்கள் வருஷம் முழுக்கப் பார்க்கிறீர்கள். பார்த்ததை எழுதுங்கள். எழுதியதை டாக்டரிடம் காட்டுங்கள்.

விழுந்த பின் தூக்குவதைவிட, விழும் முன் தாங்குவதே குடும்ப நலம்.